ஊறுகாய் ஜாடி

எங்கள் கிணற்றில் நிலா விழாது.
அத்தனை சின்ன வாய்,
சோற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்தால் மூடிக்கொள்ளும்.
ஆழம் மட்டும் அறுபது ஆள்.
ஒருவர் தலைமேல் ஒருவர் நிற்பதாக,
ஜிங்யான் மலையில் அப்படித்தான் எண்ணுவோம்.

தோண்டவில்லை, குத்தினோம்.
பலகையின் ஒரு முனையில்
நானும் ஷியான்யூ பிங்கும் ஏறிக் குதிக்க
மறுமுனையில் மூங்கில் கயிறு எழும், விழும்.
அதன் நுனியில் வட்டவாய் உளி
கல்லை நொறுக்கித் தின்னும்.
நல்ல நாளில் ஒரு விரற்கடை.
கெட்ட நாளில்
உளியையே கிணறு தின்றுவிடும்.

அப்படித் தின்ற வருஷம்
ஐந்து மாதம் கொக்கி கட்டித் துழாவினோம்.
கயிற்றில் உள்ளங்கை வைத்தபடி
யூவென் குவாய் உட்கார்ந்திருப்பான்.
பேச்சு கேட்காது அவனுக்கு, இடியும் கேட்காது.
அறுபது ஆள் கீழே
இரும்பை இரும்பு உரசினால்
விரலை மடக்குவான்:
அங்கே.

கணு நீக்கிய பெருமூங்கில்களை
ஒன்றின் வாயில் ஒன்று செருகி இறக்கியது பிறகு.
மேல்நீர் இனிப்பு,
அது உள்ளே கசிந்தால் பிழைப்பே போச்சு.
அதற்குள் இறங்கும் மெல்லிய மூங்கிலுக்கு
அடி இல்லை,
அடிக்குப் பதில் ஒரு துண்டு எருமைத்தோல்.
இறங்கும்போது திறந்து உப்புநீரை வாங்கும்,
ஏறும்போது வாயை மூடிக்கொள்ளும்.
அந்தத் தோல் நான் வெட்டியது.
நாலாவது.
முதல் மூன்றும் ஒழுகின, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் மாதம் மழையோடு வந்தார்
வரி எழுதும் வெய் துன்,
கோவேறு கழுதை, இரண்டு காவலர், ஒரு மைக்கல்.
அவர் தேடியது பழைய கணக்கிலுள்ள கிணறுகளை.
வீட்டை விழுங்கும் வாய்,
சுற்றிச் சுற்றி இழுக்கும் எருமை.
எங்கள் பலகை அன்று கதவாகியிருந்தது.
மூங்கில்களில் துணி காய்ந்தது.
கயிற்றுச் சுருளின்மேல்
கோழி அடைகாத்தது.
கிணற்றின்மேல் ஊறுகாய் ஜாடி,
ஜாடியைக் கட்டிக்கொண்டு
பித்துப் பிடித்தவன்போல் குவாய்.

"மூடி ஏன் ஆடுகிறது?"
"கடுகுக்கீரை ஐயா, புதுசு. புளித்துக்கொண்டிருக்கிறது."

ஆடியது கீரையால் அல்ல.
உப்போடு ஒரு மூச்சும் வரும் இந்தக் கிணற்றில்.
நிறமில்லை. பசி உண்டு.
போன வசந்தத்தில் ஐந்தடி தள்ளியிருந்த விளக்கு
நீலமாய் எழுந்து வந்து
பிங்கின் புருவங்களை எடுத்துக்கொண்டு போனது.
அந்த நெருப்பில் உப்பு காய்ச்சலாம் என்று
அன்றிரவே கணக்குப் போட்டான் அவன்,
முகத்தில் வாத்துக் கொழுப்பைத் தடவியபடி.

இருட்டிக்கொண்டு வந்தது.
"விளக்கேற்று" என்றார்.
"எண்ணெய் இல்லை ஐயா."
"காவலனிடம் சிக்கிமுக்கி இருக்கிறது."
"கொளுத்தத்தான் வீட்டில் ஒன்றும் இல்லையே, ஐயா."
பிங் தன் இல்லாத புருவத்தைச் சொறிந்தான்.
மழை கூரையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

கடைசியில் இருட்டிலேயே எழுதினார்,
எழுதியதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே:
ஏழை வீடு. கோழி ஒன்று. கிணறு இல்லை.

பிறகு ஒரு கீரைத்தண்டு கேட்டார்.
ஜாடியை நகர்த்தாமல்
கையை மட்டும் உள்ளே விட்டு எடுத்துக் கொடுத்தேன்.
மென்றார்.
வெகுநேரம் மென்றார்.
உப்பை மணி மணியாய்
அரசு அளந்து விற்கும் நாட்டில்
ஏழை ஊறுகாயில் இத்தனை உப்பா என்று
நாக்கு கேட்டிருக்கும்.
வாய் கேட்கவில்லை.
"வழிக்கு இன்னும் கொஞ்சம் கட்டிக் கொடு" என்றார்.
பெரிய இலையாய்ப் பார்த்துக் கட்டினேன்.

போய்விட்டார்.
யாரும் அசையவில்லை.
குவாய் மட்டும் கண்ணை மூடி
ஜாடியின் வயிற்றில் கை வைத்திருந்தான்.
களிமண் வழியே, பாறை வழியே
குளம்புகள் அவன் கையில் நடந்தன,
சரிவில், ஓடையில்,
மரப்பாலத்தில்.

விரலை மடக்கினான்.

கதவைக் கழற்றினோம்.